தானே பிரேக் பிடிக்கும் காரும் தொப்பூர் இறக்கமும்

கார் ஷோரூமில் முன்பெல்லாம் மைலேஜில்தான் பேச்சு ஆரம்பிக்கும். இப்போது, "சார், முன்னாடி வண்டி நின்னா இது தானாவே பிரேக் போட்டுக்கும்" என்று ஆரம்பிக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் எப்போது போடும், எப்போது போடாது, அது போடும்போது நம் கால் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் தம்பி சொல்வதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வண்டியோடு கொடுக்கும் தடிமனான புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. நாம் அதை இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கு அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்போம்.

நான் சேலத்தில் இருக்கிறேன், அக்கா வீடு ஓசூரில். ஓமலூர், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று தேசிய நெடுஞ்சாலை 44 எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அதில் ஓட்டி ஓட்டி எனக்கு ஒன்று பிடிபட்டது. காரில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்பு வசதியும் ஓட்டுகிறவரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் எதையோ நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கோடு தெளிவாக இருக்கும் என்று ஒன்று நம்புகிறது. மிதித்த காலை எடுக்க மாட்டார் என்று இன்னொன்று நம்புகிறது. நம் ஊரில் இந்த நம்பிக்கைகள் எங்கெங்கே பொய்த்துப் போகும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் ஓட்டுகிறவரின் வேலை.

சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். ஆக, உங்கள் கார் ஐந்தாறு வருடத்துக்குள் வாங்கியது என்றால் நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் அதன் சுழற்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரேக் அழுத்தத்தில் ஒரு சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மட்டும் குறைத்து, உடனே மறுபடி ஏற்றும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடக்கும்.

பழைய டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கள், "மழையில வழுக்கினா விட்டு விட்டு மிதி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் அது சரியான பாடம். ஏபிஎஸ் இருக்கும் காரில் அதே பாடம் வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும். ஏனென்றால் விட்டு விட்டு மிதிக்கும் வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது, நாமும் செய்தால் அதன் வேலை கெடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முழு பலத்தோடு மிதித்து, வண்டி நிற்கும் வரை காலை எடுக்காமல் இருப்பது.

படிக்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். அக்கா புது கார் வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் பக்கம், அகலமான, ஆளில்லாத ஒரு சாலைக்குக் கூட்டிப்போனேன். சீட்டில் கிடந்த பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டோம். பின்னால் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, நாற்பதில் போகும்போது "இப்போ மிதி" என்றேன். மிதித்தாள். பெடல் அடியில் டர்ர்ர்ரென்று அதிர்ந்தது. உடனே காலை எடுத்துவிட்டு, "என்னடா இது, கீழ என்னமோ ஒடையுது!" என்று கத்தினாள்.

"ஒண்ணும் ஒடையலக்கா. அதுதான் ஏபிஎஸ். காலை எடுக்காத."

"அப்புறம் எதுக்கு இப்படி உதறுது?"

நியாயமான கேள்வி. பிரேக் எண்ணெயின் அழுத்தம் ஏறி இறங்குவது பெடல் வழியாகக் காலுக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அதிர்ச்சியை முதல் முறையாக ஒரு பள்ளிக்கூட வாசலில், குழந்தை குறுக்கே ஓடிவரும் நேரத்தில் சந்தித்தால் யாருக்கும் கால் தன்னால் மேலே வந்துவிடும். அக்காவை இன்னும் சில முறை மிதிக்கச் சொன்னேன். கடைசியில் பெடலை மிதித்தபடியே ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். வண்டி வேகம் குறைந்துகொண்டே திரும்பியது. ஏபிஎஸ் எதற்காக இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பூட்டிய சக்கரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகத்தான் இழுத்துக்கொண்டு போகும். சுற்றும் சக்கரம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஏபிஎஸ் இருந்தால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜல்லியிலும் மணலிலும் தூரம் கூடவும் செய்யும். பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டிக்கொண்டு நிற்கும், ஏபிஎஸ் அதற்கு விடாது. சாலை வேலை நடக்கும் இடங்களில் ஜல்லி கொட்டிய டைவர்ஷனில் இறங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை முன்னாலேயே குறைப்பது தவிர வேறு வழி கிடையாது.

மிதிக்கும் பலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபத்து நேரத்தில் பெரும்பாலானவர்கள் வேகமாக மிதிக்கிறார்கள், ஆனால் முழுதாக மிதிப்பதில்லை. இதை மெர்சிடிஸ்காரர்கள் சிமுலேட்டரில் ஆட்களை ஓட்டவைத்துக் கண்டுபிடித்தார்கள். அதன் பலனாக 1990-களின் நடுவில் வந்ததுதான் பிரேக் அசிஸ்ட். கால் சட்டென்று பெடலுக்குப் பாய்வதை வைத்து 'இவருக்கு அவசரம்' என்று புரிந்துகொண்டு மீதி அழுத்தத்தைத் தானே கொடுக்கும். காலைத் தளர்த்தினால் 'அவசரம் தீர்ந்தது' என்று அதுவும் தளர்ந்துவிடும். இங்கேயும் பாடம் அதேதான்.

சரி, தொப்பூருக்கு வருவோம்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது அந்தக் கணவாயில் சாலை நீளமாக இறங்கும். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றிப் பேப்பரில் படிக்காதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளையெல்லாம் வரிசையாக இடித்துக்கொண்டு போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது ஒரு காரணம் என்று போலீஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஜன்னலை இறக்கிக்கொண்டு அந்த இறக்கத்தில் போய்ப் பாருங்கள். சில லாரிகளைத் தாண்டும்போது கருகிய நெடி ஒன்று மூக்கில் ஏறும். பிரேக் லைனிங் வேகும் வாசனை அது.

லாரி கதை காருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்றின் தடையை விட்டுவிட்டால், ஒரு வண்டி 100 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும்போது உண்டாகும் சூடும், 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே வண்டியை ஒரேயடியாக நிறுத்தும்போது உண்டாகும் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் ஏற்காடு மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினால் 1,200 மீட்டருக்கு மேல், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. 160-ல் வந்து சடன் பிரேக் போடுவதைப் பன்னிரண்டு தடவை திருப்பித் திருப்பிச் செய்வதற்குச் சமம். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் சூடேறி, அதைக் கவ்விப் பிடிக்கும் பேட் பிடிப்பை இழக்கும். சூடு இன்னும் உள்ளே போனால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சு போல அமுங்கித் தரை வரை போகும். அந்த நிலையில் ஏபிஎஸ், பிரேக் அசிஸ்ட், ஷோரூம் தம்பி சொன்ன தானே பிரேக் போடும் அடாஸ் எதுவுமே உதவாது. அவை எல்லாம் அதே பேட், அதே டிஸ்க், அதே எண்ணெயை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன.

அதனால் மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரில் போட்டு, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுங்கள். ஏறும்போது எந்த கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள், காருக்கும் அது சரிதான். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். டி-யில் போட்டபடியே கீழே வரை பிரேக்கில் கால் வைத்துத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். எல் இருந்தால் எல், இல்லை மேனுவல் மோடில் ரெண்டாம் கியர். ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் மாற்றும் பேடில் இருந்தால் இடப்பக்கத்தை ஓரிரு தட்டு. வேகம் கூடும்போது நன்றாக அழுத்திக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே வந்தால் டிஸ்க்குக்கு ஆறவே நேரம் கிடைக்காது.

ஹில் டிசென்ட் கன்ட்ரோல் பொத்தான் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். செங்குத்தான, கரடுமுரடான சின்ன இறக்கத்தில் மெல்ல ஊர்ந்து இறங்குவதற்கு அது நல்லது. ஆனால் அதுவும் பிரேக்கைப் பிடித்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்காடு மாதிரி நீண்ட மலைப்பாதைக்கு அது மாற்று ஆகாது. மின்சாரக் கார்காரர்களுக்கும் ஒன்று. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே இழுத்துப் பிடித்து பேட்டரியை ஏற்றிக்கொள்ளும் வசதியைத்தான் எல்லா இறக்கத்திலும் நம்பியிருப்போம். மலை மேல் ஹோட்டலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பினால், போட்டு வைக்க இடமில்லாத மின்சாரத்தை அது எங்கே கொண்டுபோகும்? பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மேலே எண்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

நெடி வந்துவிட்டால் ஓரமான, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். ஆறட்டும், டீ குடித்துவிட்டு வரலாம். ஊருக்கு வந்ததும் பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினோம் என்று பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு, ஈரம் ஏறிய பிறகு அதுவே 155-க்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அளவு குறையவில்லையே என்று நாம் விட்டுவிடுகிறோம்.

இனி அந்த ஷோரூம் வசனத்துக்குப் போவோம். எம்ஜி ஆஸ்டரும் மஹிந்திரா எக்ஸ்யூவி700-ம் 2021-ல் வந்தபோதுதான் அடாஸ் என்கிற பேச்சு நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. முன்கண்ணாடியின் மேல்பகுதியில் ஒரு கேமரா, முன்பக்கம் ஒரு ராடார். இரண்டும் சேர்ந்து முன்னால் போகும் வண்டியைப் பார்த்து இடைவெளி விட்டுப் போகும், கோட்டுக்குள் நிறுத்தும், முட்டப்போனால் பிரேக் போடும். இதை லெவல் 2 என்கிறார்கள். ஓட்டுகிற பொறுப்பு முழுக்க மனிதருடையது, வண்டி உதவி மட்டும் செய்யும் என்பதுதான் அந்த லெவலுக்குப் பொருள். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்கு இது எந்த மொழியில் சொன்னாலும் ஏறாது, விடுங்கள்.

என் கவலை பொறுப்பானவர்களைப் பற்றி. ராத்திரி பத்து மணிக்கு கிருஷ்ணகிரி தாண்டி, வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை நூறில் வைத்துக்கொண்டு, 'இது பார்த்துக்கொள்ளும்' என்று தளர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. இந்த ராடார் தனக்கு முன்னால் அதே திசையில் ஓடும் வண்டியைப் பின்தொடர்வதில் கெட்டி. நிற்கும் பொருளில்தான் அதற்குத் தகராறு. சாலையோரப் போர்டு, பாலத்தின் தூண், சென்டர் மீடியன், தடுப்புக் கம்பி எல்லாமே அதற்கு 'நிற்கும் பொருள்'தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடவே முடியாது. அதனால் வேகமாகப் போகும்போது நிற்கும் பொருள்கள் பலவற்றை அது கண்டுகொள்ளாமல் விடும்படி அமைத்திருக்கிறார்கள். கேமரா கூட இருந்தால் கொஞ்சம் மேல். ஆனால் கேமராவுக்கு 'இது லாரி' என்று அடையாளம் தெரிய வெளிச்சம் வேண்டும். க்ரூஸ் கன்ட்ரோல் நிற்கும் வண்டியைக் கவனிக்காமல் போகலாம் என்று கார் புத்தகங்களிலேயே எச்சரித்திருப்பார்கள்.

நம் நெடுஞ்சாலையில் ராத்திரியில் உயிரை வாங்குவது எது? டயர் வெடித்து நிற்கும் லாரி. பின்விளக்கு எரியாது, பிரதிபலிப்பு ஸ்டிக்கர் சேறு படிந்து மங்கியிருக்கும், பின்னால் எச்சரிக்கைக்கு ஒரு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும். இந்த அமைப்புகள் எதில் பலவீனமோ, அதே பொருள் நம் சாலையில் தினசரி நின்றுகொண்டிருக்கிறது.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பெடலுக்குப் போக ஒன்றரை நொடி என்றால் 42 மீட்டர். அதன் பிறகு நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் இன்னும் 55 மீட்டர் சுமார். மொத்தம் நூறு மீட்டர். டிம் லைட் எவ்வளவு தூரம் காட்டும்? ஐம்பது அறுபது மீட்டர் தாண்டினால் அதிர்ஷ்டம். இது கால் பெடலுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறவருக்கான கணக்கு. க்ரூஸ் போட்டுவிட்டு முழங்காலை மடக்கிக் காலை உள்ளே இழுத்து வைத்திருப்பவர் இன்னொரு அரை நொடி கூட்டிக்கொள்ளட்டும், அது 14 மீட்டர். அதனால் என் பழக்கம் இதுதான்: ராத்திரியில் க்ரூஸ் வேண்டாம், எண்பதுக்கு மேல் வேண்டாம், எதிர்ப்பக்கம் கூசாத இடங்களில் பிரைட்.

பகலில் பிரச்சினை வேறு. இடைவெளியை அதிகமாக வைத்தால் அதற்குள் ஒரு பைக் நுழையும், அதன் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ நுழையும். ஒவ்வொரு முறையும் நம் கார் பிரேக் போடும். நம் கார் நின்றுவிடும், சரி. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டிப்பர் லாரியில் அடாஸ் கிடையாதே! தானியங்கி பிரேக்கை ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லும் யோசனைகள் இதனால்தான் சுற்றுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி நொடியில் அது மோதும் வேகத்தைக் குறைத்தால்கூடப் பெரிய லாபம். ஆஃப் பண்ண வேண்டியது க்ரூஸை. ஊருக்குள், ஊர் எல்லையில், பேரிகேடை வளைத்து வளைத்து வைத்திருக்கும் இடங்களில், டோல் வரும் முன், மழையில். பின்னால் ஒட்டி வருகிறவரை முன்னால் அனுப்பிவிடுங்கள், கௌரவப் பிரச்சினை வேண்டாம்.

கோட்டுக்குள் வைக்கும் வசதி இன்னும் பரிதாபம். சாலையை அகலப்படுத்தி, பழைய கோட்டை அழிக்காமல் புதுக் கோடு போட்ட இடங்களில் அது எதை நம்பும்? பள்ளத்தைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால் ஸ்டீயரிங் லேசாக எதிர்த்து இழுக்கும். பயப்பட வேண்டாம், உறுதியாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். ஒன்று மட்டும் சொல்வேன், இந்த வசதி வந்த பிறகு அக்கா இண்டிகேட்டர் போட ஆரம்பித்திருக்கிறாள். அத்தான் இருபது வருடமாகச் சொல்லி நடக்காத காரியம்.

பிறகு, நாமே அந்தக் கண்களை மூடிவிடுவதும் உண்டு. ஆயுத பூஜை முடிந்து, பம்பரில் வாழைக்கன்றும் கிரில்லில் மாலையும் லோகோ மேல் கெட்டியாகச் சந்தனமுமாகக் கிளம்பினால், 'முன்பக்க ராடார் மறைக்கப்பட்டுள்ளது' என்று திரையில் வரும். சில கார்களில் ராடார் அந்த லோகோவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. பொட்டு பானெட்டில் வைக்கலாமே. ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைக் கேமராவுக்கு முன்னால் ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்கண்ணாடி உடைந்து மாற்றினால், கேமராவை மறுபடி சரிபார்த்து அமைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வெளியில் மலிவாக மாட்டிக்கொண்டு வந்தால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

மின்னணு எதுவும் இல்லாத ஒரு ஆபத்தும் இருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில். பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் அது சிக்கினால் பெடல் இறங்காது. ஒரு கால்மிதி மேல் இன்னொரு கால்மிதி போடுவதும் அப்படித்தான். 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது கால்மிதி ஆக்சிலரேட்டரில் மாட்டிக்கொள்ளும் என்பதால்தான். தண்ணீர் பாட்டில் கதவில் இருக்கும் குழியில் இருக்கட்டும்.

பிரேக் பெடல் உண்மையிலேயே கைவிட்டால்? பொத்தான் வகை ஹேண்ட்பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில், ஓடும்போதே அந்தப் பொத்தானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி கட்டுப்பாட்டோடு நிற்கும். உங்கள் காரில் எப்படி என்பதை அந்தப் பிரிக்காத புத்தகத்தில் பார்த்து வையுங்கள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும் சொல்லி வைக்கலாம், டிரைவருக்கு மயக்கம் வந்தால் அவருடைய கைதான் எட்டும்.

விளக்குகளைப் பற்றி ஒரு வரி. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. மெதுவாக ஒர்க்‌ஷாப் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கு, ஹேண்ட்பிரேக்கை விட்ட பிறகும் எரிந்தால், வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாக ஆக்டிங் டிரைவர். கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ ஒருவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அவர் நேற்று ஏபிஎஸ்கூட இல்லாத பழைய வண்டி ஓட்டியிருப்பார், நாளைக்கு வேறொன்று. வண்டி நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் பிடித்துக்கொண்டதும் "வண்டி நகரமாட்டேங்குதுங்க" என்பார். ஸ்டீயரிங் தானாக இழுத்தால் பதறுவார். கேட்கக் கூச்சப்படுவார். கிளம்பும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இதுல ஏபிஎஸ் இருக்கு, அழுத்தினா அதிரும், விட்டுடாதீங்க. இந்தப் பொத்தான் க்ரூஸ், இன்னிக்கு அது வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். அஞ்சு நிமிஷம் ஆகும், அதற்குள் பின்சீட்டில் லக்கேஜ் ஏறிவிடும்.